சொந்தக்காரர் பட்டியலைக் கேட்கிற வேலையில் சேரலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. பி.காம். படித்திருக்கிறேன். தேவிபட்டினம் பக்கம் ஒரு கிராமம். நெல்லும் மிளகாயும்தான் எங்கள் பிழைப்பு. ராமநாதபுரத்தில் மனை விற்கிற ஒரு அலுவலகத்தில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் இல்லை, விற்கிற மனைக்குக் கமிஷன். கடலோரத்தில் புதிதாகப் போடும் மனைகளை விற்க வேண்டுமாம். போன முதல் நாளே சொந்தக்காரர், தெரிந்தவர் என்று ஐம்பது பேரின் பெயரும் போன் நம்பரும் எழுதித் தரச் சொன்னார்கள். எங்கள் பூர்வீக நிலம் மூன்று ஏக்கர் ரோட்டோரம் இருக்கிறது. தாத்தா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், பட்டா அப்பா பெயரில் இருக்கிறது. இரண்டு அத்தைகளும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். அதையும் ‘ஜாயின்ட்’டில், அதாவது நிலம் எங்களுடையது, மனை போட்டு விற்பது அவர்கள் என்ற கூட்டில், மனையாக்கலாம், அப்பா பவர் (தன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறார்கள். அப்பாவுக்குப் புரோக்கர் வேலை என்றாலே கோபம் வருகிறது. நீங்களும் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்துதான் இந்தத் தொழிலில் நிற்கிறீர்கள். நான் சேரலாமா? மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

தொழிலுக்கு வாருங்கள். அந்தப் பட்டியலை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். நிலத்துக்குப் பவரும் வேண்டாம். இந்த இரண்டும் இல்லாமல் உங்களை எடுத்துக்கொள்ள அவர்கள் தயாரா என்று கேட்டுப் பாருங்கள். உங்களை எதற்காகக் கூப்பிட்டார்கள் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

பட்டியலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் அதை ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. நீங்கள் எழுதப்போகும் ஐம்பது பேரில் மாமா இருப்பார், சித்தப்பா இருப்பார், கூடப் படித்தவளின் சவூதி மாப்பிள்ளை இருப்பார். அவர்கள் மனையைப் பார்த்து வாங்க மாட்டார்கள், உங்கள் முகத்தைப் பார்த்து வாங்குவார்கள். ஏழெட்டுப் பேர் வாங்கியதும் பட்டியல் தீர்ந்துபோகும், அத்தோடு உங்கள் வேலையும் தீரும். அலுவலகம் அடுத்த ஊரில் இன்னொரு பெண்ணைத் தேடிக்கொள்ளும். பிறகு அந்த மனையில் ஏதாவது சிக்கல் வந்தால் சொந்தக்காரர்கள் அந்த அலுவலகத்துக்குப் போக மாட்டார்கள், உங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். காதுகுத்து, கல்யாணம், முளைப்பாரி என்று வருஷம் முழுக்க அதே முகங்களைத்தானே பார்த்தாக வேண்டும்? நம் பக்கத்தில் இந்தத் தொழிலுக்கு வந்த வேகத்திலேயே திரும்பிப் போன பெண்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் திறமையில் ஒரு குறையும் இல்லை. உறவை விற்கச் சொன்னார்கள், விற்றார்கள், விற்பதற்கு அதற்கு மேல் ஒன்றும் மிஞ்சவில்லை.

உங்களிடம் இருக்கிற உண்மையான முதல் வேறு. அதை அவர்கள் கேட்கவே இல்லை.

எனக்கு ஊர் ஆர்.எஸ். மங்கலம் பக்கம். புழுதியில் நெல் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். அப்படி வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே நிற்கும், எந்தக் கலுங்கு வழியாக வெளியேறும் என்பதெல்லாம் யாரும் சொல்லித்தராமலே தெரியும். இந்தத் தொழிலில் அது பெரிய படிப்பு. நம் மாவட்டத்தில் மனைகளைச் சுத்தம் செய்து, கல் நட்டு, கொடி கட்டிக் காட்டுவதெல்லாம் பெரும்பாலும் மாசியிலிருந்து ஆனி வரைக்கும்தான். அப்போது தரவை (வெட்டவெளித் தரிசு) முழுக்கக் காய்ந்து, கிரிக்கெட் ஆடுகிற மைதானம் மாதிரி தெரியும். ஐப்பசி கார்த்திகையில் போய்ப் பாருங்கள், அதே இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். வெளியூரிலிருந்து வாங்க வருகிறவருக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும். கோரை எங்கே முளைத்திருக்கிறது, உமரி எங்கே படர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே அது தண்ணீர் தங்குகிற பள்ளமா, உவர் ஏறிய மண்ணா என்று சொல்லிவிடுவீர்கள். மழைக்காலத்தில் நடந்து பார்க்காத மனையை விற்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். கோடையில் சில வியாபாரம் கைவிட்டுப் போகும். போகட்டும்.

குடிதண்ணீரும் அப்படித்தான். பனைக்குளம், உச்சிப்புளி, மண்டபம் பக்கத்து மணலில் மேலே நல்ல தண்ணீர் இருக்கும். அது மழை இறங்கி உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிற தண்ணீர். ஆழமாக போர் போட்டு மோட்டார் வைத்து உறிஞ்சினால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். நம் வீட்டுப் பெண்கள் ஊற்று தோண்டி அகப்பையால் அள்ளியது அந்த அளவு தெரிந்துதான். ‘நல்ல தண்ணீர் வசதி உண்டு’ என்று நோட்டீசில் போடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. வாங்குபவரிடம் நீங்கள் சொல்லுங்கள். ஆழ்துளை வேண்டாம், உறை இறக்கி அளவாக எடுங்கள் என்று சொன்னால் அவர் உங்களை மறக்க மாட்டார்.

கடலோர மனை என்கிறார்களே, அதில் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. 1991இல் முதலில் வந்து, 2011இலும் 2019இலும் புதிதாக எழுதப்பட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்று ஒன்று உண்டு. கிராமப்புறக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாத பகுதி என்பது பொதுவான கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கிற கிராமப் பகுதிகளுக்கு மட்டும் 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது. அலையாத்திக் காடு, பவளப்பாறை, மணல்மேடு உள்ள இடங்களில் விதி இன்னும் கடுமை. காரங்காடு பக்கம் அலையாத்தி இருக்கிறது. தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இலேயே கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்துவிட்டார்கள். ஆகவே ‘பீச் வியூ’ என்று சொல்லிக் காட்டுகிற இடத்தில் வீடு கட்ட முடியுமா என்பது, அந்த சர்வே எண் கடலோர மண்டல வரைபடத்தில் எந்த வகையில் விழுகிறது என்பதைப் பொறுத்தது. மனை பத்திரமாகிவிடும், ஆனால் வீடு கட்ட அனுமதி கிடைக்காது என்ற நிலைமை வரலாம். அப்புறம், அந்தக் கரையில் வலை காயப்போடுகிறவர்களும் கருவாடு பரப்புகிறவர்களும் காலங்காலமாக இருக்கிறார்கள். அவர்கள் கையில் பட்டா இருக்காது. வேலி போட்டு அவர்கள் பாதையை மறிக்கிற மனையை நான் தொடுவதில்லை. அவர்களும் நம்மைப் போல உழைத்துப் பிழைக்கிறவர்கள்.

சரி, உங்கள் மூன்று ஏக்கருக்கு வருகிறேன். இதை நிதானமாக வாசியுங்கள், முடிந்தால் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பட்டா அப்பா பெயரில் இருப்பதால் நிலம் முழுக்க அப்பாவுடையது என்று ஆகிவிடாது. பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. உரிமை பத்திரத்திலிருந்தும் வாரிசு முறையிலிருந்தும் வருகிறது. நீங்கள் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். உயில் எழுதாமல் இறந்த தாத்தாவின் பங்கு 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பாட்டிக்கும், மகனுக்கும், மகள்களுக்கும் சமமாகப் போகும். கல்யாணமாகிப் போனதால் அத்தைகளின் பங்கு அழியாது. சீர் செய்தோம், நகை போட்டோம் என்பதும் கணக்கில் வராது. தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருந்தால் தவிர, அத்தைகள் இரண்டு பேரும் இன்றைக்கும் பங்காளிகள்.

இன்னொன்றும் இருக்கிறது. அது பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தாக நின்றிருந்தால் உங்களுக்கே அதில் பிறப்புரிமை உண்டு. தமிழ்நாடு 1989இல் மகள்களுக்கு இந்த உரிமையைக் கொடுத்தது, 2005இல் நாடு முழுக்க வந்தது, தகப்பனார் அந்த 2005 சட்டம் வந்த தேதியில் உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது முக்கியமில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அப்பாவின் கையெழுத்து போதும் என்று சொன்ன அலுவலகம், எதிரே உட்கார்ந்திருந்த உங்கள் கையெழுத்தும் தேவைப்படலாம் என்பதைச் சொல்லவில்லை பாருங்கள். தெரியாமல் விட்டார்கள் என்றால் அவர்களிடம் தொழில் படிக்க முடியாது. தெரிந்தே விட்டார்கள் என்றால் அங்கே சேரவே கூடாது. உங்கள் நிலத்தின் நிலைமை எது என்பதை மூலப் பத்திரத்தோடு ஒரு சிவில் வக்கீலிடம் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள்.

விற்கிற அதிகாரத்தோடு பவர் கொடுத்தால், அப்பாவின் சார்பில் அவர்கள் மனைகளை விற்றுக்கொண்டே போகலாம். அத்தைகளில் ஒருவர் நாளைக்கு வழக்குப் போட்டால் மனை வாங்கிய அத்தனை பேரும் அப்பாவின் மேல்தான் பாய்வார்கள். வருமானத்தில் பங்கு வாங்குகிற நில உரிமையாளரையும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் புரமோட்டராகவே, அதாவது மனை போட்டு விற்பவராகவே பார்க்கும், பொறுப்பு இரண்டு பேருக்கும் உண்டு. வெயிலில் மிளகாய் பறிக்கிறவருக்கு அந்தப் பாரம் எதற்கு?

இந்த ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டால் தொழிலில் பாதி வந்த மாதிரி. நம் மாவட்டத்தில் நிலத்தின் சிக்கலில் பெரும்பங்கு கையெழுத்துப் போடாத பெண்களிடம் போய்த்தான் முடிகிறது. ஆண் தரகர்கள் வாசல் திண்ணையில் உட்கார்ந்து வீட்டு ஆண்களிடம் பேசி முடித்துவிடுவார்கள். நீங்கள் அடுப்படி வரைக்கும் போகலாம். ‘அத்தை, உங்களுக்குச் சம்மதமா, உங்கள் பங்குக்கு என்ன பேசியிருக்கிறார்கள்?’ என்று கேட்கலாம். பல வீடுகளில் அந்தக் கேள்வியை யாரும் அவர்களிடம் கேட்டதே கிடையாது. கீழக்கரை போன்ற ஊர்களில் வீட்டைப் பெண்பிள்ளை பெயருக்கு எழுதுவது பழைய வழக்கம், அங்கே விற்கிறவரும் வாங்குகிறவரும் பெண்களாகவே இருப்பதும் உண்டு. உங்களைப் போன்ற ஒருத்தி வந்தால் அவர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள். முஸ்லிம் குடும்பங்களில் பங்கு முறை வேறு, மகளுக்கு மகனின் பங்கில் பாதி. அதையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். வாரிசுகளில் ஒருவர் துபாயிலோ மலேசியாவிலோ இருந்தால் அங்கிருந்து வருகிற பவர் இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டதால் கிரயமே தடைப்பட்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

பத்திரம் படிக்கப் பழகுவதற்கு ஒரு நல்ல வழி, அனுபவமுள்ள ஆவண எழுத்தரிடம் கொஞ்ச காலம் உதவியாளராக இருப்பது. சம்பளம் சொற்பம்தான். ஆனால் தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றைய கிரயம் வரை ஒரு சர்வே எண் எப்படிக் கைமாறி வந்திருக்கிறது என்று தேடுகிற பழக்கம் வரும். நம் பக்கம் ராமநாதபுரம் சமஸ்தானத்தில் இருந்த நிலம். 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் செட்டில்மென்ட் (யாருக்கு எந்த நிலம் என்று அரசு தீர்மானிப்பது) நடந்து பட்டா கொடுத்தார்கள். அதனால் இப்போதைய பட்டாவை மட்டும் பார்க்காமல் செட்டில்மென்ட் பதிவேட்டையும், யுடிஆர் (நிலப் பதிவுகளைப் புதுப்பித்த திட்டம்) ‘அ’ பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு பட்டா நிலமாக மாறியிருப்பதும், ஒருவர் நிலம் பக்கத்துக்காரர் பெயரில் ஏறியிருப்பதும் அங்கேதான் பிடிபடும். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்கு பதிவு அலுவலகத்தில் மேனுவல் வில்லங்கம் (கையால் தேடி எடுக்கும் வில்லங்கச் சான்று) போட்டுப் பாருங்கள். கோயில் நிலம், வக்பு நிலம் இரண்டும் நம் கடற்கரையில் நிறைய இருக்கின்றன, எந்தப் பத்திரத்தையும் அந்தச் சந்தேகத்தோடுதான் கையில் எடுக்க வேண்டும். தரிசாகக் கிடந்து சீமைக் கருவேலம் மண்டிய புஞ்சையில் வரப்பும் இருக்காது, கல்லும் இருக்காது. அங்கே ஊர்ப் பெரியவர் கை காட்டுகிற பனை மரத்தை நம்பாமல் சர்வேயரை வைத்து அளந்த பிறகே விலை பேசுங்கள்.

சட்டத்தில் உங்களுக்கு நேரடியாகப் படுவது இது. கமிஷனுக்கு மனை விற்றுக் கொடுக்கிறவர் யாரானாலும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி முகவர். தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் உங்கள் பெயரில் பதிவு வேண்டும். மனைப்பிரிவு 500 சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு சென்டுக்கு மேல் போனால், அந்தத் திட்டத்துக்கும் தனியாகப் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண் வருவதற்கு முன் விளம்பரம் செய்வதும் முன்பணம் வாங்குவதும் தவறு. பதிவில்லாத திட்டத்தை விற்றுக் கொடுத்த முகவருக்கே நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம் அபராதம் போடச் சட்டத்தில் இடம் உண்டு. ‘புதிதாகப் போடும் மனைகள்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். மனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கவும் கூடாது. யாராவது உங்கள் கையில் கட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள், வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

பணம் வருவது ஒழுங்காக இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் நம் ஆட்கள் பத்திரம் போட மாட்டார்கள். ஆனால் அதே ஆடியில் ஆடிப்பெருக்கு மாதிரி நாட்களில் பதிவு அலுவலகத்தில் கூட்டம் தாங்காது. விவசாய வீட்டில் வளர்ந்தவருக்கு வருஷத்தில் சில மாதம்தான் காசு வரும் என்பது புதிதில்லை, அதே மாதிரி எடுத்து வைத்துச் செலவு செய்யுங்கள். நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ, பேசிய கமிஷனை முதலிலேயே எழுதி வாங்குங்கள், பத்திரம் முடிகிற அன்றே வாங்கிவிடுங்கள். ‘நம்ம பிள்ளைதானே, அப்புறம் தருவோம்’ என்று பெண்களிடம்தான் அதிகம் சொல்வார்கள். முன்பின் தெரியாதவரோடு இடம் காட்டத் தனியாகப் போக வேண்டாம், பொழுது சாய்ந்தபின் போகவே வேண்டாம். வாங்குபவர் வீட்டுப் பெண்ணின் பெயரில் பதியச் சொல்லுங்கள். 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைகிறது. நம் பக்கத்து மனை பலவும் அந்த அளவுக்குள் வந்துவிடும், அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்குச் சொத்தும் ஆகும்.

அப்பாவின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தரகர் என்றால் மிளகாய் மண்டி ஞாபகம் வரும். 2023இல் நம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, ஆனாலும் மூட்டையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு விலையை அடுத்தவர் சொல்லக் கேட்டு நிற்பவர் விவசாயிதான். விளைவிக்காமல் நடுவில் நின்று காசு எடுப்பவர் மேல் அவருக்கு வெறுப்பு இருப்பதில் நியாயம் இருக்கிறது. அதோடு, விளைகிற பூமியைத் தன் மகளே மனையாக்கி விற்பாளோ என்ற பயமும் இருக்கும். அந்தப் பயத்துக்கு நீங்கள் நேராகப் பதில் சொல்லுங்கள். கண்மாய்ப் பாசன நஞ்சையை மனை போட நான் எடுத்துக் கொடுப்பதில்லை. ஊருக்குள் வீடு, அனுமதி பெற்ற மனைப்பிரிவில் மறுவிற்பனை, விவசாயியிடமிருந்து விவசாயிக்குப் போகிற புஞ்சை, இவற்றிலேயே குடும்பம் நடக்கிற அளவுக்கு வேலை இருக்கிறது. பெரிய லேஅவுட்காரர்களோடு சுற்றுகிறவர்கள் என்னைவிட நிறையச் சம்பாதிக்கிறார்கள் என்பதும் உண்மைதான். எனக்கு என் ஊர்க் கண்மாய்க் கரையில் நடந்து போக முடிய வேண்டும், அதனால் இதைத் தேர்ந்தெடுத்தேன். உங்கள் எல்லையை நீங்களே போட்டு அதை அப்பாவிடம் சொல்லுங்கள். அவரையும் ஒருநாள் இடம் பார்க்கக் கூட்டிப் போங்கள். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து அவர் சொல்கிற யோசனை உங்களுக்கு உதவும்.

மாதக் கடைசி என்று கெடு வைத்திருக்கிறார்கள். அந்த அலுவலகத்துக்கு இன்னொரு தடவை போய், திட்டத்தின் பதிவு எண், டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி, அந்த சர்வே எண்ணுக்கான கடலோர மண்டல வரைபடம், உங்களுக்கு எழுத்தில் பணி நியமனம், குறைந்தபட்சம் பெட்ரோலுக்கும் போனுக்கும் மாதம் ஒரு தொகை, இவற்றைக் கேளுங்கள். கொடுத்தால், உங்கள் பெயரில் முகவர் பதிவு கைக்கு வந்தபிறகு சேருங்கள். இழுத்தடித்தால் ஆவண எழுத்தர் ஒருவரிடம் போய் உட்காருங்கள், இந்த வேலை அடுத்த வருஷமும் இருக்கும். மூன்று ஏக்கர் பேச்சை எடுத்தால், அது குடும்பத்துக்குள் முடிவாக வேண்டியது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அத்தைகள் இரண்டு பேரையும் போய்ப் பார்த்து, அந்த நிலத்தை என்ன செய்யலாம் என்று அவர்களிடம் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா